சாட்சிக் கூண்டில் ஏறிய ஏடு

நாத்திகர்! இப்பட்டம் நமக்குப் புதிதன்று. கேட்டுக் கேட்டுப் பழகிய செவிகள் நம்முடையவை. ஆனால், தோழர்களே, ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகட்கு முன்னர் இதே பட்டத்தைச் சுமந்து, சிறை புகுந்து, சிரமும் இழந்தவர்கள் யார் தெரியுமா? உரோமப் பேரரசில் வாழ்ந்த தொடக்கக் காலக் கிறிஸ்தவர்கள்! ஊரார் வணங்கிய தெய்வங்களை அவர்கள் வணங்கவில்லை. மன்னன் சிலைக்கு மணப்புகை இடவில்லை. எனவே, நாத்திகர் என்றது நாடு. நடுங்கவில்லை அவர்கள்.

அவர்களுக்காக வழக்காட எழுந்தவருள் ஒருவர் ஜஸ்டின். பாலஸ்தீனத்து நியாப்பொலிஸ் நகரிலே பிறந்தவர்; கிரேக்கத் தத்துவம் பயின்றவர். கி.பி. 155ஆம் ஆண்டையொட்டிப் பேரரசர் அன்டோனினஸ் பயசுக்கு ஒரு விண்ணப்பம் வரைந்தார். கருணை காட்டுக என்று கெஞ்சினாரில்லை. காரணம் கேட்டுத் தீர்ப்பளியுங்கள் என்றார். அரியணையின் முன் நின்று அறிவின் பெயரால் நியாயம் கேட்ட அந்த நெஞ்சுரத்தை நாம் மதிக்கிறோம். ஏறத்தாழ கி.பி. 165இல் கொள்கைக்காகக் கொலையுண்டார் அவர். அந்த வீரத்துக்கு வணக்கம் செலுத்திவிட்டே, அவர் காட்டிய காரணத்தை ஆராயப் புகுகிறோம்.

என்ன காரணம் காட்டினார்? இயேசு அற்புதங்கள் செய்தார் என்பதையா? அது போதாது என்பதை அவரே உணர்ந்திருந்தார். அற்புதமா, அதை மந்திரவாதியும் செய்வானே என்று மாற்றார் மடக்குவர். போதாக்குறைக்கு, கிறிஸ்தவம் நேற்று முளைத்த சமயம் என்ற ஏளனம் வேறு. பழமைக்குப் பல்லக்குத் தூக்கிய நாடு உரோம். யூதர்மீது வெறுப்பை உமிழ்ந்த வரலாற்றாசிரியர் டாசிட்டஸ்கூட, அவர்தம் சடங்குகளுக்குப் பழமை எனும் பாதுகாப்பு உண்டென ஒப்பினார். புதிய சமயத்துக்கு ஒரு பழைய சாட்சி தேவைப்பட்டது. ஜஸ்டின் கண்ட சாட்சி, எபிரேயத் தீர்க்கதரிசிகளின் ஏடு. பல நூற்றாண்டுகட்கு முன்னரே இன்னது நடக்கும் என்று எழுதி வைத்தனர், அது அப்படியே நடந்தது, இதனினும் பெரிய சான்று வேறென்ன வேண்டும் என்றார்.

சரி, சாட்சியைக் கூண்டில் ஏற்றியாயிற்று. குறுக்கு விசாரணை நடைபெற வேண்டாமா? நடந்தது. முதற் கேள்வி, அந்த ஏட்டுக்கு உரியவரிடமிருந்தே வந்தது.

யூத அறிஞர் டிரைஃபோவுடன் தாம் நிகழ்த்திய உரையாடல் என்று ஜஸ்டின் ஒரு நூல் எழுதினார். 132 முதல் 135 வரை நடந்த போரில் நாடிழந்து வந்தவராக டிரைஃபோ அந்நூலில் காட்டப்படுகிறார். ஏசாயா எனும் தீர்க்கதரிசி, கன்னி ஒருத்தி மகனைப் பெறுவாள் என்று முன்னறிவித்தார் என்கிறார் ஜஸ்டின். டிரைஃபோ மறுக்கிறார்: மூலத்தில் உள்ளது கன்னி எனும் சொல் அன்று, இளம்பெண் எனும் சொல், குறிக்கப்பட்ட மகனோ எசேக்கியா மன்னன்.

உண்மை என்ன? எபிரேய மூலத்தில் உள்ள சொல் 'அல்மா'; இளம்பெண் என்பதே அதன் பொருள். கன்னி எனும் பொருளைத் தந்தது 'பார்த்தெனோஸ்' எனும் கிரேக்கச் சொல். எழுபதின்மர் மொழிபெயர்ப்பு எனப்படும் கிரேக்க ஏட்டில் உள்ளது அது. ஏசாயா பேசியதோ, இரு மன்னர் படையெடுத்து வந்தபோது அஞ்சிநின்ற ஆகாஸ் எனும் யூதேய அரசனிடம். அப்பிள்ளை நன்மை தீமை அறியுமுன்னே அந்த இரு பகையும் ஒழியும் என்பதே அடையாளம். எழுநூறு ஆண்டு கழித்துப் பிறக்கப்போகும் பிள்ளை, அன்று நடுங்கிநின்ற அரசனுக்கு எங்ஙனம் ஆறுதலாகும்?

ஜஸ்டின் இதனை ஏற்றாரில்லை. யூத ஆசிரியர்கள் வேதத்தில் சில பகுதிகளை வெட்டி எறிந்துவிட்டனர் என்று குற்றம் சாட்டினார். சங்கீதம் ஒன்றில் சிலுவையைக் குறிக்கும் மரம் பற்றிய சொற்கள் இருந்தனவாம், அகற்றிவிட்டனராம்! எபிரேய மூலத்தில் அச்சொற்கள் இல்லை. 1947இல் சாக்கடல் அருகே கும்ரான் குகையில் கிடைத்த ஏசாயா சுருள், கிறிஸ்தவம் தோன்றுமுன்னரே எழுதப்பட்டது. அதிலும் 'அல்மா' என்றே இருக்கிறது. டிரைஃபோ சொன்ன சொல் புதிதாகப் புகுத்தப்பட்டதன்று என்பதற்குக் குகையே சாட்சி.

இரண்டாம் கேள்வியைக் கேட்டவர் செல்சஸ். இந்த முன்னறிவிப்புகள் வேறு எத்தனையோ பேருக்கு இதைவிடப் பொருந்துமே என்றார், கி.பி. 178ஐ ஒட்டி. எழுபது ஆண்டு கழித்து ஓரிஜென் எட்டுப் பகுதிகளில் மறுப்பு வரைந்தார். மூன்றாம் கேள்வி போர்ஃபிரியுடையது. தானியேல் ஆகமம் பாபிலோன் காலத்தில் எழுதப்பட்டதன்று. அந்தியோக்கஸ் மன்னன் யூதரைக் கொடுமைப்படுத்திய காலத்தில், கி.மு. 165ஐ ஒட்டி, நடந்தவற்றை அறிந்த ஒருவரால் எழுதப்பட்டது என்றார். இன்றைய ஆய்வாளர் பெரும்பாலோர் முடிவும் அதுவே.

மொழி, பொருத்தம், காலம் எனும் இம்மூன்று கேள்விகளும் இன்றும் உயிரோடிருக்கின்றன. கேட்டவர்தம் நூல்கள் எங்கே? செல்சசின் நூல், ஓரிஜென் மறுப்பதற்காக எடுத்துக்காட்டிய அளவில் மட்டுமே எஞ்சியது. போர்ஃபிரியின் நூலை எரிக்குமாறு 448இல் பேரரசு ஆணையிட்டது. டிரைஃபோவோ, ஜஸ்டினின் எழுதுகோல் அனுமதித்த அளவே பேசினார். குறுக்கு விசாரணை செய்தவரின் குரல், எதிர்வாதியின் குறிப்பேட்டில் மட்டுமே மிஞ்சிய விந்தையான வழக்கு இது!

ஒன்றை நேர்மையாக ஒப்ப வேண்டும். பழைய ஏட்டில் தம் காலத்தைக் காண்பது கிறிஸ்தவர் கண்டுபிடித்த சூழ்ச்சியன்று. இயேசுவின் முதற் சீடர்கள் யூதரே. கும்ரானில் வாழ்ந்த யூதக் குழுவினரும் ஆபகூக்கின் ஏட்டைத் தம் காலத்தைப் பற்றியதாகவே படித்தனர். நம்பியவன் தன் ஏட்டில் ஆறுதல் தேடுவது அவன் உரிமை. ஆறுதலைச் சான்றாக்கியபோதுதான் தொல்லை தொடங்கிற்று.

எப்படி என்கிறீர்களா? தீர்க்கதரிசிகளை நம்பத் தூண்டிய முதியவர் ஒருவரைக் கடற்கரையிலே சந்தித்ததாக ஜஸ்டின் எழுதுகிறார். ஒளியின் வாயில்கள் திறக்க இறைவனை வேண்டிக்கொள், அருளின்றி எவருக்கும் இவை விளங்கா என்கிறார் அம்முதியவர். உற்று நோக்குங்கள்! நம்பிக்கைக்குச் சான்று ஏடு; ஏடு விளங்குவதற்கு முன்தேவை நம்பிக்கை. பூட்டிய பெட்டிக்குள்ளேயே அதன் சாவி!

இந்தத் தருக்கப் பிழை ஏட்டோடு நின்றிருந்தால் நாம் இவ்வளவு கவலையுறோம். சான்று பட்டப்பகல்போல் தெளிவானது என்று ஒருவன் முடிவுகட்டிவிட்டால், அதை ஏற்காதவனை என்னென்பான்? குருடன் என்பான், கல்நெஞ்சன் என்பான், ஏட்டைத் திருத்திய கள்வன் என்பான். எருசலேமில் கால்வைக்கவும் யூதர் தடுக்கப்பட்டிருந்த துயரத்தையே, அவர்களுக்குத் தகும் தண்டனை என்றார் ஜஸ்டின். இதை எழுதியபோது அவர் அடக்கப்பட்டவர். பின்னர் அரசே கிறிஸ்தவமாயிற்று, வாதம் சட்டமாயிற்று. யூதர் தம் தொழுகைக் கூடத்தில் வேதத்தை எந்த மொழியில் படிக்கலாம், எந்த விளக்கத்தைக் கேட்கக்கூடாது என்று 553இல் ஜஸ்டினியன் மன்னன் ஆணை பிறப்பித்தான். ஏடு சாட்சிக் கூண்டில். ஏட்டுக்கு உரியவர் குற்றவாளிக் கூண்டில்!

இன்னோர் இழப்பும் உண்டு. எபிரேயத் தீர்க்கதரிசி வருவதுரைக்கும் சோதிடன் மட்டும் அல்லன். ஏழையை விலைபேசிய செல்வரை, அநீதி வளர்த்த மன்னரை, முகத்துக்கு நேரே இடித்துரைத்தவன். ஆடு மேய்த்த ஆமோசின் சினம் அத்தகையது. முன்னறிவிப்புகளைப் பொறுக்கியெடுத்து அடுக்கியோர் கையில் அந்த அறச்சினம் மங்கி, ஆரூடமே மிஞ்சிற்று.

காலம் கடந்தேனும் திருத்தம் வந்தது. இயேசுவின் சாவுக்கு யூதர் அனைவர்மீதும் பழி சுமத்தலாகாது என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. யூதர் தம் வேதத்தைப் படிக்கும் முறையும் ஏற்கத்தக்க ஒரு முறையே என்று 2001இல் கத்தோலிக்கத் திருச்சபையின் விவிலிய ஆணையம் ஒப்பிற்று. டிரைஃபோவுக்கு வந்து சேர்ந்த விடை, ஆயிரத்து எண்ணூறு ஆண்டு தாமதமாக!

பகுத்தறிவாளர் நாம் என்று பெருமை கொள்ளும் இளைஞனே, இதைப் பிறர் பிழையென்று எண்ணி நகைத்துவிட்டுப் போய்விடாதே. முடிவை முன்னே வைத்துக்கொண்டு சான்றைப் பின்னே தேடும் நோய் எந்த முகாமையும் விட்டுவைப்பதில்லை. உன் வாதம் வெல்லும்போதெல்லாம் உன்னையே கேட்டுக்கொள்: எதிரில் இருப்பவன் தன் வாயால் பேசினானா, அல்லது அவனுக்காகவும் நானே பேசினேனா? ஜஸ்டினின் நூலின் இறுதியில், இருவரும் மனம் மாறாமலே, நட்போடு வாழ்த்திப் பிரிகின்றனர். அந்தப் பண்பை அரசும் சமயமும் போற்றியிருந்தால், எத்தனை ஏடுகள் எரியாமல் இருந்திருக்கும்! எத்தனை உயிர்கள் வாழ்ந்திருக்கும்!