எளிய வெற்றியும் அரிய தோல்வியும்

தோற்பதற்கு வாய்ப்பே இல்லாத ஆட்டத்தில் பெறும் வெற்றி, வெற்றிதானா? வினா பழையது. இன்று அது விளையாட்டுத் திரையின் முன் அமர்ந்திருக்கும் இளைஞன் முன்னும் வந்து நிற்கிறது.

1993ஆம் ஆண்டில் கனடாவில் உருவாகி வெளிவந்த 'ஃபிஃபா' கால்பந்து வீடியோ விளையாட்டு, 2023 முதல் 'இ.ஏ. ஸ்போர்ட்ஸ் எஃப்.சி.' என்னும் பெயரில் வழங்குகிறது. மெய்யான ஆடுகளத்தை அப்படியே கண்முன் நிறுத்த முயலும் அதில், எதிரணியை இயக்குவது கணிப்பொறி. அவ்வெதிரணி எத்துணை வலியதாக இருத்தல் வேண்டும் என்பதை ஆடுகிறவரே தேர்ந்துகொள்கிறார். தொடக்க நிலையிலிருந்து உச்ச நிலைவரை ஏழு படிகள். கீழ்ப்படியில் எதிரிகள் தயங்கி நிற்பர். ஐந்து கோல், ஆறு கோல் என்று அடித்துக் குவிக்கலாம். மேற்படியிலோ பந்தைப் பெற்ற மறுகணமே நெருங்கிவிடுவர். எண்ணி முடிப்பதற்குள் பந்து பறிபோகும்.

வேண்டுமென்றே அம்மேற்படியைத் தேர்ந்து, மீண்டும் மீண்டும் தோற்கிறவனை அறிவிலி என்பதா? "விளையாட்டு மகிழ்ச்சிக்காகத்தானே!" என்பர் சிலர். உண்மைதான், களைத்து வந்தவன் எளிய படியில் ஆடி இளைப்பாறுவதில் குற்றமில்லை. ஆனால் அங்கே வென்றதைக் கொண்டு தன்னை வல்லவன் என்று நம்புவானாயின், அவன் ஏமாற்றுவது தன்னையே. அரிய படியோ அவன் குறையை மறைக்காமல் காட்டுகிறது. தோற்றவுடன், "இயந்திரம் சூழ்ச்சி செய்கிறது" என்று சினப்பதும், "பந்தை விரைந்து அனுப்பத் தவறினேன்" என்று உணர்வதும் அவனைப் பொறுத்தவை. பின்னதே கல்வி.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. இத்துன்பம் அவனே விரும்பி ஏற்றது. பொத்தானொன்றை அழுத்தினால் நீங்கிவிடுவது. வறுமையும் நோயும் அத்தகையன அல்ல. அவற்றில் சிக்கியவர் அவற்றைத் தேர்ந்துகொண்டவரல்லர். படியைக் குறைக்கும் பொத்தானும் அவர் கையில் இல்லை. ஆதலால், விளையாட்டில் பெற்ற பொறுமையைக் கொண்டு, "சபூர் செய்யுங்கள், துன்பம் உங்களைப் பண்படுத்தும்" என்று அவர்களிடம் எளிதாகச் சொல்லிவிட நமக்கு உரிமையில்லை. அந்தப் பொத்தான் பல வேளைகளில் அண்டை வீட்டாரின் கையில் இருக்கிறது. அந்த அண்டை வீட்டார் நாமாகவும் இருக்கலாம்.

நமக்கு நாமே கடினமான படியைத் தேர்ந்துகொள்வோம். பிறருக்கோ, இயன்றவரை எளிய படியை அமைத்துக் கொடுப்போம். ஆட்டத்தில் கற்றதை வாழ்வில் காட்டும் வழி இதுவே.