மென்மை எவர்க்கு?

குழந்தையின் மேனியில் பூசும் பொருளை எந்த அளவுகோலால் தேர்ந்தெடுக்க வேண்டும்? அக்குழந்தைக்கு இதமாக இருந்தால் போதுமா? அந்த இதத்தின் பொருட்டு வேறோர் உயிர் துன்புறாமலும் இருக்க வேண்டுமா? இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதும் நேரத்தில் இல்லறத்தார் செய்யத்தக்கது யாது? இக்கேள்வி சிறிதென்றே நெடுநாள் நினைத்திருந்தேன். என் வீட்டுப் பச்சிளங்குழந்தை ஓர் இரவு முழுவதும் அழுதபோதுதான் அதன் கனத்தை உணர்ந்தேன்.

வந்தவாசிப் பக்கத்தில் பிறந்த நான், ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியின் பொருட்டுக் கீழவைப்பாருக்கு வந்தேன். வைப்பாறு கடலோடு கலக்கும் அவ்வூர், முன்னாளில் புகழ்பெற்ற முத்துக்குளித்துறைக் கரையைச் சேர்ந்தது. தூத்துக்குடிக் கடலில் 1961-க்குப் பின் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. எனினும், அதன் முறையை ஊர்ப் பெரியவர்கள் எனக்கு விளக்கியதுண்டு. கரையில் குவித்த சிப்பிகளை அழுக விடுவார்களாம். தசை கரைந்த பின் கழுவித் தேடினால், எத்தனையோ சிப்பிகளுள் ஏதோ ஒன்றில் முத்து கிடைக்குமாம். உயிரைப் பணயம் வைத்து மூழ்கியவர்களை நான் குறை கூறமாட்டேன். ஆனால் வழவழப்பான முத்தைக் கழுத்தில் அணிந்தவர்களுக்கு அக்குவியலின் நாற்றம் தெரிந்திராது.

கடைகளில் ‘மென்மை’ என்று எழுதி விற்கப்படும் குழந்தைப் பொருள்களைக் காணும்போது அந்த முத்தே என் நினைவுக்கு வரும். 1944-ல் அமெரிக்க அரசின் விஞ்ஞானி டிரெய்ஸ் என்பவர் ஒரு சோதனை முறையை வகுத்தளித்தார். ஒரு பொருள் கண்ணை உறுத்துமா என அறிய, அதனை முயலின் கண்ணில் இட்டுப் பார்ப்பது அம்முறை. மனிதரின் கண் கலங்காதிருக்க எத்தனையோ முயல்களின் கண்கள் புண்பட்டன. நம் நாட்டில் அழகுப் பொருள்களை விலங்குகள் மீது சோதிப்பது 2014-ல் தடை செய்யப்பட்டது. வெளிநாட்டில் அவ்வாறு சோதிக்கப்பட்டவற்றின் இறக்குமதியும் அவ்வாண்டிலேயே தடுக்கப்பட்டது. இது நாம் மகிழத்தக்க செய்தி.

ஆயினும் உட்பொருள் பற்றிய கேள்வி எஞ்சி நிற்கிறது. மருந்திலும் அழகுப் பொருளிலும் சைவ, அசைவ அடையாளம் இடவேண்டும் என்று 2002-ல் தில்லி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2013-ல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. இன்று பச்சைப் புள்ளியைச் சில சோப்புகளில் காண்கிறோம், எல்லாவற்றிலும் காண்பதில்லை. ஆகவே உறையைப் படித்தறிவது நம் கடமையாகிறது. ‘சோடியம் டேலோவேட்’ எனில் விலங்குக் கொழுப்பால் ஆன சோப்பு. ‘சோடியம் பாமேட்’ எனில் பனைவகை எண்ணெயால் ஆனது. ‘லனோலின்’ என்பது ஆட்டு ரோமத்தின் மெழுகு. கிளிசரின் தாவரத்திலிருந்தும் வரலாம், விலங்கிலிருந்தும் வரலாம்.

இவற்றையெல்லாம் அறிந்திருந்த பெருமிதத்தில்தான் நான் தவறிழைத்தேன். சில ஆண்டுகளுக்கு முன் என் மகனுக்குக் குழந்தை பிறந்தபோது, “கடைப் பொருள் எதுவும் இவ்வீட்டில் நுழையக்கூடாது” என்றேன். பயற்றம்பருப்பு மாவும் கஸ்தூரி மஞ்சளும் அரைத்து வைத்து, காலை நீட்டி, குழந்தையைக் கிடத்தி, நானே தேய்த்துக் குளிப்பாட்டினேன். மூன்றாம் மாதம் கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் கரப்பான் கண்டது. மாவு பற்றவில்லை போலும் என்றெண்ணி இன்னும் அழுத்தித் தேய்த்தேன். தோல் வெடித்து நீர் கசிந்தது. “அத்தை, கொஞ்ச நாள் மாவை நிறுத்திப் பார்ப்போமா?” என்று மருமகள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். நான் செவிகொடுக்கவில்லை.

இறுதியில் அவளே மருத்துவரிடம் எடுத்துச் சென்றாள். குழந்தையின் மேல்தோல் நம்முடையதைவிட மெல்லியது என்றும், கரப்பான் கண்ட தோலில் உராய்வே நோயை வளர்க்கும் என்றும் அவர் கூறினார். வெடித்த தோலில் உணவு மாவைத் தேய்த்தால் அவ்வுணவே பிற்காலத்தில் ஒவ்வாமையாக மாறக்கூடும் என்றும் எச்சரித்தார். அன்றிரவு குழந்தை துடித்தழுதபோது, அவர் தந்த களிம்பைக் கையிலேந்தி மருமகள் கேட்டாள்: “இதில் லனோலின் இருக்கிறதாம் அத்தை. பூசட்டுமா, வேண்டாமா?”

ஒரு கணம் திகைத்து நின்றேன். பிறகு, “பூசம்மா” என்றேன். கண்முன் துடிக்கும் உயிரை விட்டுவிட்டு என் நோன்பின் தூய்மையைக் காப்பது அறமாகத் தோன்றவில்லை. மறுநாள் நானும் மருத்துவரிடம் சென்று, விலங்குப் பொருள் கலவாத களிம்பு உண்டா என வினவினேன். “முன்பே கேட்டிருந்தால் அதையே தந்திருப்பேனே” என்று சொல்லி, வாசனையற்ற சாதாரண பெட்ரோலியம் ஜெல்லியை எழுதித் தந்தார். கனிம எண்ணெயிலிருந்து கிடைப்பது, விலையும் குறைவு. சில வாரங்களில் தோல் ஆறியது.

அறத்திற்கும் அன்பிற்கும் இடையே நேர்ந்த மோதல் என்று நான் எண்ணியது, உண்மையில் என் கேளாமையால் விளைந்தது. கவனமின்மையே இம்சையின் வேர் என்று நம் பெரியோர் கூறுவர். ‘இயற்கையானது’ என்ற சொல்லை நம்பி நான் கண்ணை மூடிக்கொண்டேன். ‘மென்மையானது’ என்ற சொல்லை நம்பிப் பிறர் மூடிக்கொள்கின்றனர். இரண்டும் ஒன்றே. 1972-ல் பிரான்சு நாட்டில் குழந்தைப் பவுடர் ஒன்றில் ஹெக்ஸாகுளோரோபீன் என்னும் கிருமிக்கொல்லி தவறுதலாக மிகுதியாய்க் கலந்துவிட்டது. அதனால் 36 குழந்தைகள் மாண்டனர். அன்போடுதான் அதனை அன்னையர் பூசினர். அன்பு மட்டும் குழந்தையைக் காத்துவிடாது. அறிவும் துணை நிற்க வேண்டும்.

இளந்தாய்மார்க்கு நான் கூறுவன சில. மெல்லிய தோலுக்குக் குறைவான பொருளே நலம். சாதாரண சோப்பு காரத்தன்மை உடையது; தோலோ சற்றே அமிலத்தன்மை உடையது. ஆகவே வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் குளிப்பாட்டி, துடைக்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் முற்றும் உலருமுன் களிம்பு பூசுங்கள். நறுமணம் சேர்த்தவற்றைத் தவிருங்கள். பவுடரின் தூள் மூச்சோடு உட்செல்லும். அது குழந்தைக்குத் தேவையுமில்லை. புதிய பொருளை முதலில் ஓரிடத்தில் சிறிது தடவிப் பாருங்கள். கரப்பான் கண்டால் மருத்துவரை அணுகுங்கள். அணுகும்போதே நம் நெறியையும் நாணாமல் எடுத்துரையுங்கள்.

என்னைப் போன்ற பாட்டிமார்க்கும் ஒரு சொல். கோபம், மானம், மாயை, உலோபம் என்னும் நான்கு கஷாயங்களையும் வெல்ல வேண்டும் என்று நாம் நாள்தோறும் ஓதுகிறோம். அவற்றுள் மானம் எங்கே பதுங்கியிருக்கும் என்பதை நான் ஒரு மாவுக் கிண்ணத்தில் கண்டுகொண்டேன். மருமகள் தயங்கிக் கேட்ட அன்றே செவிசாய்த்திருந்தால் அக்குழந்தைக்குப் பல இரவுகளின் துன்பம் தவிர்ந்திருக்கும். பிற உயிர்க்கெல்லாம் இரங்கும் நாம், நம் வீட்டினுள் தாழ்ந்த குரலில் பேசுவோர்க்கும் செவி கொடுப்போமாக.