பழைய வண்டியும் ஏறுவோர் உயிரும்

பழம் பொருளொன்றை ஒருவன் பேணி வைத்திருந்தால் உலகம் அவனைப் பாராட்டுகிறது. பாட்டனார் நட்ட மரத்தை வெட்டாதவனையும், தந்தையார் அணிந்த கடிகாரத்தை விற்காதவனையும் நன்றியுள்ளவன் என்கிறோம். இப்பாராட்டு பெரும்பாலும் தகுதியானதே. ஆனால் அப்பழம் பொருள் பெட்டிக்குள் இராமல், நாள்தோறும் சாலையில் ஓடுவதாகவும், பிறர் அதில் ஏறிச் செல்வதாகவும் இருக்குமாயின், நன்றி என்ற ஒரு காரணத்தால் மட்டும் அதனைப் பேணுவது நியாயமாகிவிடுமா? இவ்வினாவை நான் ஏட்டிலிருந்து பெறவில்லை. ஒரு விடியற்காலையில், தோட்டத்து மேட்டுச் சடக்கில், என் காலடியில் அது எழுந்தது. அதனை நேயர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் செம்பனைத் தோட்டமொன்றில் கிராணி வேலை பார்ப்பவன். என்னிடமுள்ள மோட்டார் வண்டி 1958-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட மோரிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியறிஞர் வகுத்த இவ்வகை வண்டி, 1948 அக்டோபரில் இலண்டன் மோட்டார் கண்காட்சியில் முதன்முதல் மக்கள் பார்வைக்கு வந்தது. எளிய வருவாயுடைய குடும்பத்தாரும் வாங்கி ஓட்டத்தக்கதாக இருந்தமையால், 1960-ஆம் ஆண்டு முடிவதற்குள் பத்து இலட்சம் வண்டிகள் செய்யப்பட்டுவிட்டன. இங்கிலாந்து நாட்டு வண்டிகளில் அந்த எண்ணிக்கையை முதலில் எட்டியது இதுவே. கடலைக் கடந்து மலாயாவிற்கும் அது வந்தது. என் பாட்டனார் பிறர் ஓட்டிய வண்டியாகவே அதை வாங்கினார். அவருக்குப்பின் என் தந்தையாரும், அவருக்குப்பின் நானும் ஓட்டி வருகிறோம்.

இதனை நான் விழா நாட்களில் துடைத்து நிறுத்தும் காட்சிப் பொருளாக வைத்துக்கொள்ளவில்லை. காலைப் பிரட்டுக்குச் செல்வதும் இதில்தான். பதினொரு மைல் தொலைவிலுள்ள பட்டணத்திற்குச் சம்பளக் கணக்கோடு செல்வதும் இதில்தான். 948 சி.சி. அளவும் 37 குதிரைச் சக்தியும் உடைய அதன் யந்திரம் இக்காலத்துச் சிறு வண்டிகளுக்கும் ஈடாகாது. எனினும் அதன் உறுப்புக்கள் கண்ணுக்குத் தெரிவன, கைக்கு எட்டுவன. பாட்டரி சோர்ந்துவிட்டால் முன்புறத் துளையில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்றி எழுப்பலாம். முன் சக்கரங்களைத் தாங்கும் மூட்டுக்களுக்கு ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிரீஸ் செலுத்த வேண்டும். மறந்தால் மூட்டுத் தேய்ந்து, ஒருநாள் சக்கரமே வண்டியின் அடியில் மடிந்துவிடும். ஆங்கில வழியில் நான் கற்ற கல்வியின் முழுப்பயன் யாதென ஒருவர் கேட்பின், வண்டியின் ஆங்கிலக் கைந்நூலைப் படித்துப் பட்டணத்துப் பட்டறைக்காரருக்குப் பொருள் சொல்வதே என்று விடை கூறுவேன்.

இவ்வாறு ஓட்டிவந்த காலத்தில் எனக்கொரு கொள்கை இருந்தது. வண்டி எப்படி வந்ததோ அப்படியே இருக்கவேண்டும். ஒரு திருகாணியையும் மாற்றலாகாது. மாற்றினால் அது பாட்டனாரின் வண்டியாக இராது என்பது என் எண்ணம். கற்றவன் அல்லவா? அதற்குத் தத்துவ ஆதாரமும் தேடி வைத்திருந்தேன்.

கிரேக்க வீரன் தீசியஸ் சென்று மீண்ட கப்பலை ஏதென்ஸ் நகரத்தார் நெடுங்காலம் பாதுகாத்தனர் என்றும், இற்றுப்போன பலகைகளைக் களைந்து புதியன பொருத்தி வந்தனர் என்றும், அது அதே கப்பல்தானா என்று அறிஞர்கள் இரு கட்சியாக நின்று வாதித்தனர் என்றும் புளூட்டார்க் எழுதியுள்ளார். களைந்தெறிந்த பழம் பலகைகளைச் சேர்த்து ஒருவன் இன்னொரு கப்பல் கட்டினால் இரண்டில் எது உண்மையான கப்பல் என்று, 17-ஆம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் அவ்வினாவை மேலும் இறுக்கினார். நானும் என் வண்டியருகே நின்று இதனை எத்தனையோ நண்பர்களிடம் பேசியிருக்கிறேன். பேசும்போது ஒன்றை மறந்திருந்தேன். அக்கப்பல் ஆண்டுதோறும் டெலோஸ் தீவுக்கு அனுப்பப்பட்டதைப் பிளேட்டோவின் 'ஃபீடோ' கூறுகிறது. அது திரும்பி வரும்வரையில்தான் சாக்ரடீசின் மரண தண்டனை தள்ளி வைக்கப்பட்டிருந்தது. அங்ஙனமாயின் அதில் மனிதர்கள் ஏறிக் கடலில் சென்றிருக்கிறார்கள். கரையில் நின்ற அறிஞர், "இது அதே கப்பலா?" என்று கேட்டிருக்கலாம். ஏறியவன் கேட்டிருக்கக் கூடியது, "எந்தப் பலகை இற்றிருக்கிறது?" என்பதே.

சென்ற மழைக்காலத்தில் ஒருநாள், பிரட்டுக்கு முன்னரே, லயத்திலிருந்து ஒரு தாய் தன் பெண் குழந்தையைத் தோளில் கிடத்திக்கொண்டு என் வீட்டு வாயிலில் வந்து நின்றாள். குழந்தைக்குக் கடுங்காய்ச்சல். தோட்டத்து வண்டி வேறு வேலையாகச் சென்றிருந்தது. இருவரையும் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் புறப்பட்டேன். மேட்டிலிருந்து சடக்கு இறங்கித் திரும்பும் இடத்தில் பிரேக்கை மிதித்தேன். மிதி தடையின்றித் தரைவரை சென்றது. மீண்டும் மீண்டும் மிதித்தும் பயனில்லை. கியரைக் குறைத்து, பின் சக்கரங்களை மட்டும் பிடிக்கும் கைப்பிரேக்கை இழுத்து, வண்டியை ஓரத்து மண்மேட்டில் சாய்த்தேன். அது நின்றது. முன்புறம் நசுங்கியது. குழந்தையின் நெற்றி முன்னிருக்கையின் முதுகில் மோதிச் சிறிது வீங்கியது. வேறு தீங்கில்லை. பின்னால் வந்த லாரிக்காரர் ஒருவர் அவர்களை ஏற்றிச் சென்றார். ஏறுமுன் அத்தாய் என்னை நோக்கிக் கைகூப்பி, நான் சாமர்த்தியமாக ஓட்டித் தங்கள் உயிரைக் காப்பாற்றியதாகச் சொன்னாள்.

அன்பர்களே! அந்தக் கும்பிடு என்னைச் சுட்டது. ஏன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே, பின்சக்கரத்துப் பிரேக்கில் ரப்பர் வளையம் தேய்ந்து எண்ணெய் கசிவதாகவும், நான்கு சக்கரங்களுக்கும் உடனே புதிது போடவேண்டுமென்றும் பட்டறைக்காரர் என்னிடம் கூறியிருந்தார். பழைய அமைப்புக்கு ஏற்ற உறுப்புக்களே இங்கிலாந்திலிருந்து வரவேண்டும் என்று நான் காத்திருந்தேன். அதுவரை குறைந்த எண்ணெயை ஊற்றி ஊற்றி ஓட்டினேன். அதே மாதத்தில் வண்டிக்குப் புதுச் சாயம் பூசுவதற்குப் பணம் கொடுத்திருந்தேன்!

இவ்வகை வண்டியில் பிரேக்கு வேலை செய்யும் முறையை அறிந்தால் என் குற்றத்தின் அளவு புலப்படும். மிதியை அழுத்துகையில் தலைமைச் சிலிண்டர் எண்ணெயைத் தள்ளுகிறது. அவ்வழுத்தம் ஒரே குழாய்த் தொடர் வழியாக நான்கு சக்கரங்களுக்கும் செல்கிறது. ஆகவே ஓரிடத்தில் ஒழுகினால் ஓரிடத்துப் பிரேக்கு மட்டும் போவதில்லை, நான்கும் போகின்றன. போதாக்குறைக்கு, அவ்வெண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. நம் நாட்டுப் புழுக்கத்தில் நீர் சேர்ந்து, சிலிண்டருக்குள் துரு பிடித்து, அத்துரு ரப்பர் வளையங்களை அறுக்கிறது. தலைமைச் சிலிண்டரோ ஓட்டுபவனின் காலடியில், தரைக்குக் கீழே அடிச்சட்டத்துக்குள் இருக்கிறது. பார்க்க வேண்டுமானால் பாயைப் புரட்டி மூடியைக் கழற்றவேண்டும். சாயம் எல்லார் கண்ணிலும் படுகிறது. இது எவர் கண்ணிலும் படுவதில்லை. நான் எதற்கு முதலிடம் கொடுத்தேன் என்பதை நேயர்கள் கண்டுகொள்ளலாம்.

ஒரு வாரம் சென்றபின், மனம் தாளாமல் லயத்திற்குப் போனேன். குழந்தை நலமடைந்து வாசலில் விளையாடிக்கொண்டிருந்தது. பழுது இருப்பதை முன்னரே அறிந்திருந்தேன் என்று அத்தாயிடம் சொன்னேன். அவள் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, "தெரிந்துமா, ஐயா, எங்களை ஏற்றினீர்கள்?" என்று மட்டும் கேட்டாள். அதற்கு என்னிடம் விடையில்லை. இன்றும் இல்லை.

அவ்வினாவின் முதற் சொல்லிலேயே அறநூல் முழுவதும் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. தெரியாமல் நேர்ந்தது விபத்து. தெரிந்தபின் நேர்ந்ததற்கு அப்பெயர் பொருந்தாது. என் உயிரை என் விருப்பப் பொருளுக்காக நான் பணயம் வைக்கலாம் என்று சிலர் வாதிக்கக்கூடும். அவ்வாதத்தை இங்கே ஆராயவில்லை. ஆனால் அத்தாய் எதற்குச் சம்மதித்தாள்? ஓடத்தக்க வண்டியில் ஏறுவதற்குச் சம்மதித்தாள். ஒழுகும் பிரேக்குக்குச் சம்மதிக்கவில்லை. அறியாமல் அளித்த சம்மதம் சம்மதமாகாது. இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். கிராணியாரின் வண்டியில் ஏறும் தொழிலாளி, "ஐயா, பிரேக்குச் சரியாக இருக்கிறதா?" என்று கேட்கும் துணிவை நம் தோட்ட வாழ்க்கை இன்னும் அவருக்கு அளித்துவிடவில்லை. ஏற்றிச் செல்வதே பெரிய உபகாரம் என்று அவர் வாய்மூடி ஏறுகிறார். கேட்க இயலாதவரிடம் கேளாமலே சொல்லவேண்டிய கடமை, கேட்கக்கூடியவரிடம் உள்ளதைவிட இருமடங்கு பெரிதன்றோ?

பிறகு வண்டியை மாற்றத் துணிந்தேன். முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் தனித்தனி வழியாக அழுத்தம் செல்லும் இரட்டைத் தலைமைச் சிலிண்டரைப் பொருத்தச் செய்தேன். ஒருவழி ஒழுகினாலும் மறுவழி நிற்கும். முன்னும் பின்னும் இருக்கைப் பட்டைகளுக்கு அடிச்சட்டத்தோடு உறுதியான பிடிப்பு அமைத்தேன். மூன்று இடங்களில் பிடிக்கும் பட்டையை வால்வோ நிறுவனத்தின் பொறியறிஞர் நீல்ஸ் போலின் வகுத்தது 1959-இல். என் வண்டி பிறந்தது அதற்கு ஓராண்டு முன்பு. பழைய வண்டிகளுக்குச் சில விதிகளில் சட்டம் விலக்களிப்பது வழக்கம். சட்டம் வண்டியின் வயதைப் பார்த்து விலக்களிக்கலாம். மோதும்போது குழந்தையின் நெற்றிக்கு அவ்விலக்குக் கிடைப்பதில்லை.

இம்மாற்றங்களைத் தந்தையாரிடம் எப்படிச் சொல்வதென்று அஞ்சினேன். அவர் நசுங்கிய இடத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "முதலில் இதில் திரும்பும் பக்கத்தைக் காட்டக் கைகாட்டிதான் இருந்தது, தம்பி. பின்னால் வருபவனுக்கு அது தெரியவில்லையென்று உன் தாத்தா அதை எடுத்துவிட்டு மின்னும் விளக்கு வைத்தார்," என்றார். நான் எதனை மாறாத பாட்டனார் வண்டியென்று போற்றினேனோ, அது பாட்டனார் கையாலேயே மாற்றப்பட்ட வண்டி! பின்னால் வருபவனை நினைத்து மாற்றிய அந்த மனத்தை அல்லவா நான் பேணியிருக்க வேண்டும்?

இதற்கு ஈயத்தின் வரலாறும் சான்று பகரும். யந்திரத்தின் இடிப்பை அடக்க ஈயக் கூட்டுப்பொருளைப் பெட்ரோலில் கலக்கலாமென்று 1921-இல் அமெரிக்காவில் கண்டனர். அந்த ஈயம் பழைய யந்திரங்களின் வால்வுகள் அமரும் இடம் தேய்ந்துவிடாமலும் காத்தது. ஆனால் புகைவழியே குழந்தைகளின் இரத்தத்திற் கலந்து அவர்கள் மூளை வளர்ச்சியைக் கெடுத்தது. நாடுகள் ஒவ்வொன்றாக அதனை விலக்கின. மோட்டார் வண்டிகளுக்கு அதை விற்றுவந்த கடைசி நாடாகிய அல்ஜீரியாவும் 2021-இல் நிறுத்தியது. அதனால் பழைய வண்டிகள் மாண்டுவிடவில்லை. வால்வு அமரும் இடத்தில் கடினமான உலோக வளையம் பதித்தால் ஈயமில்லாமலே ஓடுகின்றன; என் வண்டியும் அவ்வாறே ஓடுகிறது. நஞ்சை நீக்கினால் பழமையே அழிந்துவிடும் என்று அஞ்சுவோர் இதனை எண்ணிப் பார்ப்பார்களாக.

"இவ்வளவு தொல்லை எதற்கு? ஒன்பதாண்டுத் தவணையில் புதுவண்டி வாங்கலாமே!" என்று நண்பர்கள் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. புதுவண்டி செய்யவும் இரும்பும் எரிபொருளும் செலவாகின்றன என்பதும், என் சம்பளத்தில் ஒன்பதாண்டுக் கடன் சிறு சுமையன்று என்பதும் என் பக்கத்து நியாயங்கள். என் வண்டியின் புகை புதுவண்டியின் புகையைவிடக் கேடானது என்பதும், எத்தனை பட்டை மாட்டினாலும் மோதலைத் தாங்குவதில் அது புதுவண்டிக்கு நிகராகாது என்பதும் அவர்கள் பக்கத்து நியாயங்கள். இவற்றை மறைத்துக்கொண்டு நான் வெற்றி கூறமாட்டேன். மழைநாளிலும் நெடுஞ்சாலையிலும் குழந்தைகளை ஏற்றிச் செல்லவேண்டி வந்தால் இப்போது நண்பரின் வண்டியைக் கேட்டு வாங்குகிறேன். அது எனக்குக் கௌரவக் குறைவாகத் தோன்றவில்லை.

ஆகவே நான் கண்ட முடிவு இதுதான். வயது எப்பொருளுக்கும் உரிமை அளிப்பதில்லை. இன்று அது செய்யும் வேலையும், அதன் குறையை உடையவன் ஒப்புக்கொள்ளும் நேர்மையுமே அதனை வைத்திருக்கும் உரிமையை அளிக்கின்றன. நாள்தோறும் காலையில் பாயைப் புரட்டி எண்ணெயின் அளவைப் பார்க்கிறேன். மிதியைக் காலால் அழுத்தி, அது நிற்கிறதா, தாழ்கிறதா என்று எண்ணிப் பார்க்கிறேன். பிறகுதான் சாவியைத் திருப்புகிறேன். யாராவது ஏறினால், வண்டியின் வயதையும் அதன் குறையையும் அவர் கேளாமலே சொல்லிவிடுகிறேன். சிலர் சிரித்துக்கொண்டே ஏறுகிறார்கள். சிலர் பஸ்ஸுக்கு நடக்கிறார்கள். இரு திறத்தாருக்கும் அவ்வுரிமை உண்டு.

சென்ற மாதம் அத்தாய் பட்டணத்திற்குச் செல்லவேண்டி வந்தபோது என் வண்டியை நிறுத்தினாள். கதவைத் திறக்குமுன், "பிரேக்கு எப்படி, ஐயா?" என்று கேட்டாள். சொன்னேன். கேட்டபின் ஏறினாள். என் பாட்டனார் காலம் முதல் இன்றுவரை இவ்வண்டிக்குக் கிடைத்த மரியாதைகளில் அதனையே பெரிதாக மதிக்கிறேன்.