ஒற்றைப் படம் சாட்சியாகுமா?

ஓடுகின்ற ஒருவரைப் பல கணங்களில் பிடித்து, அத்தனையையும் ஒரே படத்தில் அடுக்கிக் காட்டும் நிழற்படங்களை விளையாட்டுப் பக்கங்களில் பார்த்திருப்போம். நீளம் பாயும் ஒருவரே ஆறேழு பேராகி மணலை நோக்கி வளைந்து இறங்குவார். இன்று கைத்தொலைபேசியே இதனைச் செய்து தருகிறது. இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர் பிரான்சின் எத்தியேன் ஜூல் மாரே. 1882இல் துப்பாக்கி வடிவக் கமராவினால் செக்கனுக்குப் பன்னிரண்டு படங்கள் பிடித்தார். பின்னர் ஒரே தகட்டில் பல கணங்களைப் பதித்தார். உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து குழம்பவே, ஆளுக்குக் கறுப்பு உடை அணிவித்து, கைகால் நெடுகிலும் வெள்ளைக் கோடு பொருத்தினார். அசைவு தெளிந்தது, ஆள் மறைந்து போனான்.

ஒற்றைப் படம் உண்மை பேசுகிறதா, அடுக்கிய படம் உண்மை பேசுகிறதா? விடை தேடித் தூரம் போக வேண்டியதில்லை. மடவளைக்கு அயலிலுள்ள கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் படித்த முத்தையா முரளிதரனின் கை போதும்.

1995 டிசம்பர் 26ஆம் திகதி மெல்பர்னில் நடுவர் டெரல் ஹெயார், முரளி பந்தை எறிகிறார் என்று ஏழு தடவை 'நோபோல்' கொடுத்தார். அதன்பின் முழங்கை வளைந்திருக்கும் படங்கள் ஆதாரமாக நீட்டப்பட்டன. ஆனால் விதியை ஊன்றிப் பாருங்கள். கை வளைந்திருப்பது குற்றமன்று. வீசும்போது வளைந்த கை நிமிர்வதே குற்றம். நிமிர்தல் ஒரு மாற்றம். மாற்றத்திற்குக் குறைந்தது இரு கணங்கள் வேண்டும். முரளியின் கையோ பிறப்பிலேயே முழுதாக நிமிராதது. அப்படியானால் அந்த ஒற்றைப் படம், சம்பவத்தையே காணாத சாட்சி.

ஆயிரம் வருடங்களுக்கு முன்பே இப்னுல் ஹைதம், பொருளொன்றை இரு வேளைகளில் இரு இடங்களில் கண்டுதான் பார்வை அசைவை அறிகிறது என்று விளக்கினார். பண்புகள் இரு கணங்கள் நிலைப்பதில்லை, கணந்தோறும் புதிதாகப் படைக்கப்படுகின்றன என்றனர் அஷ்அரிய்யாக் கலாம் அறிஞர்கள். ஒரு கணத்தை வைத்து மனிதனை முடித்துவிட இவ்விரண்டுமே இடந்தருவதில்லை.

1996இல் மேற்கு அவுஸ்திரேலியாவிலும் ஹொங்கொங்கிலும் நடந்த ஆய்வுகள், எறிவதுபோன்ற தோற்றம் கண்ணின் மயக்கமே என்றன. 2004இல் அவரது 'தூஸ்ரா' பந்தில் கை ஏறத்தாழ 14 பாகை நிமிர்வதாக அளக்கப்பட்டது. சுழல் பந்துக்கு அனுமதி அன்று 5 பாகைதான். ஆயின் அதே கமராக்கள் மற்றவர்கள்மேலும் திரும்பியபோது, எவரும் சந்தேகிக்காத வீச்சாளர்களின் கைகளும் நிமிர்வது தெரிந்தது. 2005இல் எல்லோருக்கும் 15 பாகை என்றாயிற்று. முரளிக்காக விதி வளைந்தது என்போர் இன்றும் உளர். தூயவர் என்று நம்பப்பட்டோரும் மீறிய விதி, குற்றத்தை அளக்கவில்லை, தோற்றத்தையே அளந்தது என்பது என் பதில்.

அதற்காக அடுக்கிய படம் பொய் சொல்லாது என்றில்லை. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: அடுக்கப்படும் உருவங்கள் யாவும் ஒரே ஆளினுடையவையாக இருக்க வேண்டும். 2018இல் தெல்தெனியாவில் சிலர் தாக்கி ஒரு லொறிச் சாரதி இறந்தார். அது குற்றம், அதில் இரு பேச்சில்லை. ஆனால் மார்ச்சில் திகனையில் எரிந்த கடைகளின் சொந்தக்காரர்கள் அந்தப் படத்தில் இருந்தவர்களல்லர். அடித்தவன் ஒருவன், கடைக்காரன் வேறொருவன், பள்ளியில் தொழுதவன் மற்றொருவன். இவர்களை ஒட்டி, ஒரே மனிதன் அசைவதாகக் காட்டினார்கள். மாரேயின் கறுப்பு உடை போல, முகங்கள் மறைந்து கோடு மட்டும் எஞ்சியது.

'அவர்கள் எப்போதும் இப்படித்தான்' என்று நாம் வேறொரு சமூகத்தைப் பற்றிச் சொல்லும்போதும் இதே ஒட்டுவேலைதான் நடக்கிறது. பாடசாலையை விட்டு விலகும் மாணவனின் சான்றிதழில் நடத்தை பற்றி ஒரு வரி எழுதுவது என் தொழிலில் ஒரு பகுதி. பதினொரு வருடங்களை ஒரு வரியில் அடக்கும் வேலை அது. இதற்கு முன் என்ன, இதற்குப் பின் என்ன, இவை எல்லாம் இவனுடையவைதானா? இம்மூன்றையும் கேளாமல் எவருடைய சாட்சியமும் முழுமையாகாது.