தகாதவன் உண்டுவிடுவானோ?

சென்ற ஞாயிறு காலைப் பூசை முடிந்து வெளியே வந்தபோது, கோவில் வாசலில் வேப்பமர நிழலில் நாலைந்து பேர் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு பள்ளிக்கூடச் சாப்பாட்டைப் பற்றியது. "மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து பிள்ளையை இறக்கிவிடுகிறான், அந்தப் பிள்ளையும் தட்டை ஏந்திக்கொண்டு இலவசச் சோற்றுக்கு நிற்கிறது. இதென்ன நியாயம்?" என்றார் ஒருவர். "ரேஷன் அரிசியை வாங்கித் தெருமுனையிலேயே விற்றுவிட்டுப் போகிறார்கள், நான் கண்ணால் பார்த்தேன்" என்றார் மற்றொருவர். வயதில் மூத்தவர் ஒருவர், உழைக்க மனமில்லாதவன் உண்ணவும் வேண்டாம் என்று அர்ச். சின்னப்பரே எழுதியிருக்கிறாரே என்று பேச்சை முடித்து வைத்தார். எல்லாரும் தலையசைத்தார்கள். நானும் அசைத்தேன்.

வீடு வந்து சேர்ந்தபின் அந்தத் தலையசைப்பு என் மனத்தை உறுத்தத் தொடங்கிற்று. அதற்கொரு காரணம் உண்டு. அதைப் பின்னர் சொல்லுகிறேன். முதலில், அந்த மர நிழலில் ஒன்றாய்க் கலந்து பேசப்பட்டது மூன்று வேறு கேள்விகள் என்பதை நாம் பிரித்துப் பார்க்கவேண்டும். இத்தகைய உதவியில் தவறு நடக்கிறதா? தவறு நடப்பதால் உதவியை நிறுத்தவோ குறுக்கவோ வேண்டுமா? தேவையில்லாதவன் வாங்கினால் அது பாவமா? மூன்றுக்கும் ஒரே விடை இல்லை.

முதற் கேள்விக்கு விடை எளிது. தவறு நடக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது. ஏழைக்கென்று வந்த அரிசியை மூட்டை மூட்டையாய் வாங்கி, தீட்டி, நிறம் மாற்றி, வேற்று மாநிலங்களுக்குக் கடத்துகிற கூட்டம் உண்டு. அதைப் பிடிப்பதற்கென்றே குடிமைப்பொருள் வழங்கல் குற்றப் புலனாய்வுத் துறை என்று தனிக் காவல்துறை இருப்பதே அதற்குச் சாட்சி. எடையில் குறைக்கும் கடைக்காரர் உண்டு. வராத பிள்ளையை வந்ததாகப் பதிந்து, அதன் பங்கை வேறு வழிக்குத் திருப்புவோரும் உண்டு. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்ற கதைதான் இது. இவையெல்லாம் களவு, ஏழாம் கற்பனைக்கு நேர் விரோதம். அதிலும் பசித்தவனிடமிருந்து செய்யும் களவு என்பதால் பாரம் மிகுந்தது. இதை மென்று விழுங்கிப் பேசுவது தர்மமாகாது.

ஆனால் கவனியுங்கள். மேலே சொன்னவர்களில் தட்டேந்தி நிற்கும் குழந்தை ஒன்றாவது உண்டா? மரநிழலில் நாம் பேசியதோ அந்தக் குழந்தையைப் பற்றித்தான்! மூட்டையைக் கடத்துகிறவன் நம் கண்ணில் படுவதில்லை. தட்டு கண்ணில் படுகிறது. ஆகவே தட்டின்மேல் கோபம் கொள்கிறோம். அர்ச். சின்னப்பர் கண்டித்தது வேலை செய்ய மனமில்லாமல் ஊர்வம்பு பேசித் திரிந்த வளர்ந்த மனிதரை. ஏழு வயதுப் பிள்ளை எந்த வேலைக்குப் போக மறுத்துவிட்டது? அது வேலைக்குப் போகாமல் பள்ளிக்கு வரவேண்டும் என்பதற்காகவே அந்தச் சோறு ஏற்பட்டது.

இச்சோற்றின் வரலாறு நூறாண்டைக் கடந்தது. 1920-இல், நீதிக்கட்சியைச் சேர்ந்த சர் பி. தியாகராயச் செட்டியார் சென்னை நகரசபைத் தலைவராயிருந்தபோது, ஆயிரம் விளக்கிலிருந்த நகரசபைப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு தொடங்கிற்று. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் செலவாகக்கூடாது என்பது கணக்கு. ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து அந்த ஓரணாவைச் செலவிட ஆங்கில அரசாங்கம் ஒப்பாததால் 1925-இல் அது நின்றது. பின்னர் 1956-இல் காமராசர் முதலமைச்சராயிருந்தபோது மாநிலமெங்கும் பகலுணவுத் திட்டம் பரவிற்று. ஊர்ப் பொதுமக்களே அரிசியும் காய்கறியும் விறகும் கொடுத்து அதைத் தாங்கினார்கள். 1982 ஜூலை முதல் தேதி எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தபோது, வோட்டுக்காகச் செய்யும் வீண்செலவு என்று படித்தவர் பலர் எழுதினார்கள். ஆனால் 2001 நவம்பரில் இந்திய உச்சநீதிமன்றம், நாடெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளிலும் சமைத்த உணவு தரவேண்டும் என்று கட்டளையிட்டது. வீண்செலவென்று பழிக்கப்பட்டது பிள்ளைகளின் உரிமையாயிற்று. 2022 செப்டம்பரில் இங்கே காலை உணவும் தொடங்கி, 2024-இல் கிராமப்புறத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்தது. பங்குகளையொட்டி நடக்கும் பள்ளிகளில் பல இவ்வகையைச் சேர்ந்தவை. ஆகவே இது எங்கோ நடக்கும் காரியமன்று. நம் கோவில் மதிலுக்குள்ளேயே கொதிக்கும் உலை.

இனி இரண்டாம் கேள்வி. "எல்லாருக்கும் ஏன்? உண்மையான ஏழையைப் பொறுக்கியெடுத்துக் கொடுத்தால் போதாதா?" கேட்பதற்கு மிக நியாயமாகத் தோன்றும் கேள்வி இது. ஆனால் பொறுக்குகிறவன் மனிதன். அவன் கை இரண்டு விதமாய்த் தவறும். தேவையற்றவனைச் சேர்த்துக்கொள்வது ஒரு தவறு. தேவையுள்ளவனைத் தள்ளிவிடுவது மற்றொரு தவறு. ஒன்றை இறுக்கினால் மற்றது பெருகும். சலிக்கும் கண்ணைச் சிறிதாக்கினால் கல்லோடு நெல்லும் நின்றுவிடும். இவ்விரு தவறுகளும் ஒரே நிறையா? முதலாவதில் நாம் இழப்பது ஒரு தட்டுச் சோறு. இரண்டாவதில் இழப்பது ஒரு பிள்ளையின் பகற்பொழுது, ஒருவேளை அதன் படிப்பு, சில சமயம் அதன் உடல்நலம். ஒரு தட்டுச் சோற்றை மறுநாள் வடித்துக்கொள்ளலாம். பசியோடு கழிந்த ஐந்தாம் வயதை எந்த உலையில் வடிப்பது?

பொறுக்கியெடுத்தால் களவாவது ஒழியுமா என்றால், அதுவும் ஒழியவில்லை. 1997-இல் மத்திய அரசு ரேஷன் குடும்பங்களை வறுமைக் கோட்டுக்கு மேல், கீழ் என்று பிரித்தது. எட்டாண்டு கழித்து 2005-இல் திட்டக்குழு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, மத்தியத் தொகுப்பிலிருந்து போன மானியத் தானியத்தில் 58 விழுக்காடு கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களைச் சென்று சேரவேயில்லை. கோடு கிழித்ததால் கள்ளன் வெளியே நிற்கவில்லை; காகிதமில்லாத விதவையும் கைநாட்டுக் கூலியும்தான் வெளியே நின்றார்கள். தமிழ்நாடோ எல்லார்க்கும் பொது என்ற வழியைப் பெரும்பாலும் விடாது காத்துவந்தது. நெல்லுக்குப் பாயும் நீர் சற்றுப் புல்லுக்கும் கசியும் என்பது நம் முன்னோர் அறியாததன்று. கசிகிறதென்று வாய்க்காலை மூடின உழவன் எவனுமில்லை.

இன்னொன்றும் உண்டு. ஏழையை மட்டும் தனியே பிரித்து உட்காரவைத்தால், அந்த இலையில் சோற்றோடு அவமானமும் பரிமாறப்படும். "நீ ஏழைதானே, போய்ச் சாப்பிடு" என்ற ஒரு சொல் போதும். மானமுள்ள பிள்ளை பட்டினியாய் இருந்துவிடும். மோட்டார் சைக்கிளில் வந்திறங்கிய பிள்ளையும் அதே பந்தியில் உட்கார்ந்தால், யார் ஏழை என்று யாருக்குத் தெரியும்? அன்றியும், செல்வாக்குள்ள தகப்பனின் பிள்ளை உண்ணும் பருப்பில் தண்ணீர் ஊற்ற யாரும் துணியமாட்டார். ஆகவே அந்தப் பிள்ளை யாருடைய சோற்றையும் பறித்துத் தின்னவில்லை. அடுத்த பிள்ளையின் சோற்றுக்குக் காவலாய் உட்கார்ந்திருக்கிறது என்றே சொல்லலாம்.

அப்படியானால் தேவையற்றவன் எதையும் வாங்கலாமா? இதுவே மூன்றாம் கேள்வி. இங்கேதான் என் உறுத்தலுக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டுக் குடும்ப அட்டை அரிசி அட்டை. 2011 ஜூன் முதல் அரிசி இலவசமாயிற்று. நாங்களோ கடையரிசிதான் உண்கிறோம். ஆயினும் மாதந்தோறும் வாங்கினோம். "நம் பங்கை நாம் விடுவானேன்?" என்பது வீட்டில் நாங்கள் சொல்லிக்கொண்ட சமாதானம். வாங்கிய அரிசி சில காலம் கோழிக்குப் போயிற்று. பிறகு இட்லி மாவு விற்கும் ஒருவருக்குச் சொற்ப விலைக்குப் போயிற்று. இதைச் செய்த நான்தான் சென்ற ஞாயிறு, அரிசி விற்கிறவர்களைப் பழித்த பேச்சுக்குத் தலையசைத்தவன்!

சட்டம் எனக்கு அந்த அரிசியைத் தந்தது. வாங்கியது களவன்று என்று ஒருவர் எனக்காக வாதாடலாம். ஆனால் சட்டம் அனுமதித்ததெல்லாம் மனச்சாட்சி அனுமதித்ததாகாது. அந்த அரிசி உண்பதற்கென்று கொடுக்கப்பட்டது. அதை உண்ணாமல் காசாக்கியது, கொடுத்தவர் நோக்கத்துக்குச் செய்த துரோகம். பள்ளிப் பந்தியில் உட்காரும் பிள்ளை எல்லாரோடும் உண்கிறது. நானோ உண்ணாததை வாங்கி விற்றேன். இவ்விரண்டும் ஒன்றல்ல. வனாந்தரத்தில் இஸ்ராயேலர் மன்னாவைப் பொறுக்கியபோது, ஒவ்வொருவனும் தன் தேவைக்குப் போதுமானதே பெற்றான்; மறுநாளுக்கென்று பதுக்கியது புழுத்து நாறிற்று. என் அரிசி புழுக்கவில்லை, நான் புழுத்தேன். நமது மாநிலத்தில் அரிசி வேண்டாதவர்க்குச் சர்க்கரை அட்டை உண்டு; எப்பொருளும் வேண்டாதவர்க்கும் ஓர் அட்டை உண்டு. மாற்றிக்கொள்ள மனம்தான் வேண்டியிருந்தது.

நாம் ஒருபோதும் துஷ்பிரயோகம் என்று பேசாத துஷ்பிரயோகங்களும் உண்டு. சத்துணவு சமைக்கும் பெண்மணி இன்ன சாதி என்பதற்காகத் தன் பிள்ளையை உண்ணவிடாமல் தடுக்கும் பெற்றோரைப் பற்றி இன்றும் செய்தி வருகிறது. கொடுத்த சோற்றை இப்படி அவமதிப்பதைவிடப் பெரிய துஷ்பிரயோகம் எது? "ஓசிச் சோறு" என்று பிள்ளைகள் காதுபட நாம் சொல்லும் சொல்லும் அவ்வகையே. அந்தப் பிள்ளையின் தாய் சோப்பு வாங்கும்போதும் செருப்பு வாங்கும்போதும் வரி கட்டுகிறாள். அவள் காசும் அந்த உலையில் இருக்கிறது. அதற்கும் மேலாக, உள்ளவனுடைய மிச்சம் இல்லாதவனுக்குச் சேரவேண்டிய கடன் என்பது அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் முதலான வேதபாரகரின் போதனை. கடனைத் திருப்புகிறவன் தர்மப்பிரபுவைப்போல் மார்தட்டலாமா?

நம் பெரியோரைக் கேட்டால் இன்னொரு கதையும் சொல்வார்கள். 1950-களிலும் 1960-களிலும் அமெரிக்க மக்கள் அனுப்பிய பால் பவுடரும் கோதுமையும் எண்ணெயும் பல கோவில் வளாகங்களில் பங்கிடப்பட்டன. தகரக் குவளையோடு அந்த வரிசையில் நின்றவர் பிள்ளைகள்தாம் இன்று மரநிழலில் நிற்கிற நம்மில் பலர். தகாதவனும் குடித்துவிடுவான் என்று கடல் கடந்த அந்த மக்கள் கையை மூடிக்கொண்டிருந்தால்?

ஆதித் திருச்சபையிலும் இதே வழக்கு எழுந்தது. அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் கவனிக்கப்படவில்லை என்ற முறைப்பாடு வந்ததை அப்போஸ்தலர் நடபடியில் வாசிக்கிறோம். அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள்? பந்தியை நிறுத்தினார்களா? எந்த விதவை மெய்யான ஏழை என்று சோதிக்கப் புறப்பட்டார்களா? இல்லை. முடியப்பர் முதலான நல்ல பெயரெடுத்த எழுவரைப் பரிமாறும் பொறுப்பில் ஏற்படுத்தினார்கள். பந்தியில் குறை கண்டால் பந்தியைக் கலைப்பதன்று மருந்து. நேர்மையான கரண்டியைத் தேடுவதே மருந்து. மூட்டைப் பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவார் உண்டோ?

ஆதலால், குறை சொல்லும் உரிமையை நாம் உழைத்துச் சம்பாதிப்போம். பிள்ளை படிக்கும் பள்ளிக்கு மாதம் ஒருமுறை மதிய வேளையில் போய், ஒரு கவளம் வாயில் போட்டுப் பார்ப்போம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர். நம் பள்ளிகளில் அது ஆலோசனை சொல்லும் குழுவேயாயினும், அந்த ஆலோசனையைச் சொல்லவாவது செல்வோம். ரேஷன் கடையில் எடை குறைந்தால் நமக்காக மட்டுமல்ல, பின்னால் நிற்கும் கிழவிக்காகவும் வாய் திறப்போம். வேண்டாத அரிசியை விட்டுக்கொடுப்போம்.

நான் அட்டையை மாற்ற விண்ணப்பித்துவிட்டேன். விற்ற அரிசிக்கு ஏறத்தாழக் கணக்கிட்டு, அந்தத் தொகையைப் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபை உண்டியலில் சேர்க்கவும் தொடங்கியிருக்கிறேன். இதை எழுதக் கூச்சமாகவே இருக்கிறது. ஆயினும் பலர் அறியத் தலையசைத்தவன் பலர் அறியச் சொல்லத்தான் வேண்டும்.

வரும் ஞாயிறும் அந்த மரநிழலில் அதே பேச்சு எழக்கூடும். அப்போது யாராவது, "தகாதவன் உண்டுவிடுகிறானே!" என்றால், அன்பர்களே, சண்டை பிடிக்கவேண்டாம். "ஆம், நானும் அவர்களில் ஒருவனாயிருந்தேன். ஆனால் பிள்ளைகள் உண்ணட்டும்" என்று சொல்வோம்.