வாய்மையும் கைத்தொலைபேசியும்

மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றினாலும் மனிதன் வினைகளை ஈட்டுகின்றான் என்பது சைவ சமயம் காட்டும் நெறியாகும். பிறரை அடிப்பது மட்டும் தீவினையன்று. பிறருக்குத் தீங்கு நினைப்பதும், தீங்கு தரும் சொல்லைச் சொல்வதும் தீவினையே. ஆனால் இன்றைய காலத்தில் ஒரு புதிய வினா எழுந்துள்ளது. வாயைத் திறவாமல், ஓர் எழுத்தும் எழுதாமல், எவரோ புனைந்த பொய்யை விரல் நுனியால் தொட்டு நூறு பேருக்கு அனுப்பி விடுபவர் பொய் சொன்னவர் ஆவாரா?

முன்னைய காலத்திலும் கிராமங்களில் வதந்திகள் உலாவின. கிணற்றடியிலும் சந்திக் கடையிலும் கோயில் வீதியிலும் கதைகள் பிறந்தன. எனினும் அக்கதைக்கு ஒரு முகம் இருந்தது. “ஆர் சொன்னது? நீ கண்டனியோ?” என்று ஒரு கிழவி கேட்டால், சொன்னவர் தடுமாறுவார்; கதை அவ்விடத்திலேயே நின்றுவிடும். இன்று வட்ஸ்அப் குழுவில் வரும் செய்திக்கு முகமில்லை. காலையில் ஊரில் புறப்படும் பொய், மாலைக்குள் கனடாவையும் இலண்டனையும் சுற்றி, “வெளிநாட்டிலிருந்தும் சொல்கிறார்கள்” என்ற புதுப் பலத்தோடு அதே ஊருக்குத் திரும்பி வருகின்றது.

இதன் விளைவை இலங்கைத் திருநாடு நேரிற் கண்டது. 2018ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் உணவிலே கருத்தடை மாத்திரை கலக்கப்படுவதாக ஒரு கதை பரவியது. உணவகம் தாக்கப்பட்டது, பள்ளிவாசலும் சேதமாக்கப்பட்டது. உணவிற் காணப்பட்டது வெறும் மாக்கட்டியே என்று அரச இரசாயனப் பகுப்பாய்வு பின்னர் தெரிவித்தது. உணவிற் கலந்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை எதுவும் இல்லை என்பதே மருத்துவ உண்மை. ஆயினும் உண்மை வந்து சேருமுன் பொய் தன் வேலையை முடித்துவிட்டது. அடுத்த வாரம் கண்டி மாவட்டத்திலே, தாக்குதலுக்குள்ளான சாரதி ஒருவரின் மரணத்தைத் தொடர்ந்து வன்செயல் மூண்டபோது, இத்தகைய செய்திகள் எரியும் நெருப்பில் எண்ணெயாயின. அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. சமூக ஊடகங்கள் ஒரு வாரமளவில் முடக்கப்பட்டன. தமது தளம் அவ்வாறு பயன்பட்டமைக்காக 2020ஆம் ஆண்டு முகநூல் நிறுவனம் மன்னிப்புக் கோரியது. ஆனால் அச்செய்தியைத் தத்தம் வீட்டுத் திண்ணையில் இருந்தபடி கடத்திய ஆயிரக்கணக்கானோர் எவரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. தாம் ஏதும் செய்ததாகவே அவர்கள் எண்ணவில்லை.

இதனை இயந்திரத்தின் குற்றம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. டுவிற்றர் தளத்தில் 2006 முதல் 2017 வரை பரவிய செய்திகளை அமெரிக்காவின் எம்.ஐ.ரி. நிறுவன ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2018இல் முடிவை வெளியிட்டனர். மெய்யிலும் பார்க்கப் பொய்யே விரைவாகவும் பரவலாகவும் சென்றது என்றும், அதற்குப் பெருங்காரணம் தானியங்கிகள் அல்ல, மனிதரே என்றும் அவர்கள் கண்டனர். புதுமையிலும் திகைப்பிலும் மனம் கொள்ளும் ஆசையே பொய்யின் வாகனம்.

அனுப்பியவர்கள் கூறும் சமாதானங்கள் மூன்று. “எழுதியது வேறொருவர்” என்பது முதலாவது. தபாற்காரர் கடிதத்தைப் பிரித்துப் பார்ப்பதில்லை. ஆகவே அதிலுள்ளதற்கு அவர் பொறுப்பாளி அல்லர். வட்ஸ்அப்பில் அனுப்புபவரோ பார்த்து, இரசித்து, யாருக்கு அனுப்புவதென்று தெரிந்தெடுத்தே அனுப்புகின்றார். அன்னதானப் பந்தியில் கறி பரிமாறுபவரை இங்கு நினைத்துப் பார்க்கலாம். சமைத்தவர் வேறொருவர்தான். ஆனால் வாளியைத் தூக்கும்போதே புளித்த மணம் வந்தும், “சமைத்தது நானல்ல” என்று அடியார்களின் இலையில் அதனை இடுவாரா? அகப்பை எவர் கையில் உள்ளதோ, அவர் கையிலும் பொறுப்பு உள்ளது.

“உண்மையென்றே நம்பினோம்” என்பது இரண்டாவது. அறியாமற் செய்த பிழை அறிந்து செய்த பிழையிலும் சிறிது என்பது மெய். எனினும் அறிவதற்கு வழியிருந்தும் அறிய முயலாமை தனியொரு பிழையாகும். எவர் வாயிற் கேட்டாலும் அதன் மெய்ப்பொருளை ஆராய்ந்து காண்பதே அறிவு என வள்ளுவர் வகுத்தது இதற்காகவே.

“நன்மைக்காகவே அனுப்பினோம்” என்பது மூன்றாவது. குற்றமற்ற நன்மை தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று அதே வள்ளுவர் கூறினாரே என்று சிலர் கேட்கலாம். ஆனால் அவர் இட்ட நிபந்தனை மிகக் கடுமையானது. அந்நன்மை ஒருவருக்கும் தீங்கின்றி வரவேண்டும். செய்தி எந்த வீட்டுக்குச் செல்லும், எவர் பெயரைக் கெடுக்கும் என்று அறியாதவர் அந்த உறுதியை எவ்வாறு தரமுடியும்?

மகாபாரதம் இதற்கொரு சான்று. யானை இறந்ததை அசுவத்தாமன் இறந்தான் என்று துரோணர் விளங்கிக்கொள்ளும்படி உரக்கச் சொல்லி, யானை என்ற சொல்லை மெல்லக் கூறினார் தருமர். அவ்வளவில், நிலத்துக்கு நான்கு அங்குலம் மேலே நின்ற அவரது தேர் மண்ணைத் தொட்டது. இறுதியில் அந்த வஞ்சனைக்காக நரகத்தையும் சிறிது நேரம் அவர் காணநேர்ந்தது. தருமரே தப்பாத இடத்தில் மற்றையோர் தப்புவது எங்ஙனம்?

இவ்வாறு கூறுவதனால் தொழில்நுட்பம் தீயது என்று கொள்ளலாகாது. 1849இல் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கி வந்து வண்ணார்பண்ணையில் நிறுவியவர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர். அக்காலத்தின் புதுமை அதுவே. ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கிப் பிழை களைந்த பின்னரே அவர் நூல்களை அச்சிட்டார். ஒரு பிழை அச்சேறினால் அது பல பிரதிகளாகப் பெருகும். இன்று ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஓர் அச்சியந்திரம் உள்ளது. ஒப்புநோக்கும் பொறுமையே இல்லை.

இலங்கையில் 2024ஆம் ஆண்டு நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. அது கருத்துச் சுதந்திரத்தைப் பறிக்கும் என்ற கண்டனமும் உடனே எழுந்தது. சட்டத்துக்கு அதிக இடம் கொடுத்தால் நியாயமான பேச்சும் அஞ்சி ஒடுங்கும். இடமே கொடுக்காவிடில் பொய் தலைவிரித்தாடும். இந்த இடரிலிருந்து விடுபடும் வழி, மக்கள் தாமே தமக்குக் காவலாக இருப்பதுதான்.

ஆகவே ஒரு செய்தியை அனுப்புமுன் மூன்று வினாக்கள் போதும். இது மெய்யா? இதனால் எவருக்கேனும் பயனுண்டா? இதிற் கூறப்பட்டவர் எதிரில் நின்றால், அவர் முகத்தைப் பார்த்து இதனைச் சொல்ல இயலுமா? ஏதேனும் ஒன்றுக்கு விடை இல்லையெனில் விரலை எடுத்துவிடுவதே தவம். ஊரில் ஒரு பெண்பிள்ளையின் பெயரோ, நோயுற்ற ஒருவரின் மானமோ, அயலிலுள்ள வேற்று மதத்தவரின் உயிரோ அந்த ஒரு கணப் பொறுமையில் தங்கியிருக்கலாம்.

தவறி அனுப்பியவருக்கும் பரிகாரம் உண்டு. செய்தியை மெல்ல அழித்துவிட்டு மௌனமாயிருப்பது பரிகாரம் ஆகாது. பொய் சென்ற அதே குழுவுக்கு, “அது பிழை, ஆராயாமல் அனுப்பியது தவறு” என்று எழுதுவதே பிராயச்சித்தம். நாணம் தரும் செயல்தான். ஆனால் பொய் சொல்ல நாணாதவர் மெய் சொல்ல நாணலாமா?

அடியார்கள் யாவரும் மனம், வாக்கு, காயத்தோடு விரல் நுனியையும் தூய்மையாகப் பேணி, வாய்மை நெறியில் நின்று வாழ எல்லாம் வல்ல இறைவன் திருவருள் பாலிப்பாராக.

சுபம்.