பூச்செடியும் கொல்லாமையும்

ஆர்க்கிட் செடியை விரும்பி வளர்ப்போர் நம்மவருள்ளும் உளர். அதன் இலையடியில் வெண்மாவு பூசினாற்போல் மாவுப்பூச்சி தோன்றும்போது, சாவக நெறியில் நிற்கும் நம் நெஞ்சில் ஒரு வினா எழுகின்றது. கண்ணின்பத்திற்காக வளர்த்த ஓரறிவுயிரைக் காக்க, அதனினும் மிக்க அறிவுடைய உயிர்களைக் கொல்லலாமோ?

உழவரின் நிலை வேறு. உயிர் வாழ உணவு வேண்டும். அத்தொழிலில் நேரும் தீங்கை இல்லறத்தார் முற்றும் தவிர்த்தல் அரிது என்பதை நம் நூல்கள் ஏற்கின்றன. வீட்டில் வளர்க்கும் ஆர்க்கிட்டோ உணவன்று, மருந்தன்று, அழகுப்பொருளே. அதன்பொருட்டு நிகழும் கொலைக்கு அக்காரணத்தைச் சொல்ல இயலாது.

பூச்சியைக் கொல்லவில்லை, துணியால் துடைத்தெடுத்தோம் என்று சிலர் அமைதி கொள்வர். இது தம்மையே ஏமாற்றிக்கொள்ளுதல் ஆகும். முதிர்ந்த செதிள்பூச்சி, பற்றிய இடத்தினின்று பெயர்க்கப்பட்டால் மீண்டும் பற்றி உண்ணமாட்டாது மடியும். நத்தையை எடுத்து ஈரமான புதரில் உயிரோடு விடலாம். எல்லாவற்றிற்கும் அவ்வழி பொருந்தாது.

சோர்வோடு கூடிய செயலால் உயிருக்கு ஊறு செய்தலே இம்சை என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் கருத்து. அச்சோர்வையே பிரமாதம் என்கிறோம். ஆகவே, பூச்சி வந்தபின் என் செய்வது என்பதனினும், அது வருமுன் நாம் எவ்வாறு இருந்தோம் என்பதே முதன்மையான வினா.

ஆர்க்கிட்டுகளுள் பல, மரக்கிளைகளைப் பற்றி வாழ்வன. அவற்றின் வேர் காற்றை நாடும். அதனை அறியாது ஓயாமல் நீரூற்றினால் வேர் அழுகும். குருத்தில் நீர் தேங்கினால் குருத்தும் அழுகும். தொட்டியிலுள்ள மரப்பட்டையும் கரியும் உலரத் தொடங்கியபின், காலை வேளையில் வடிகட்டிய நீரை அளவாக விடுதல் வேண்டும். மாலைக்குள் இலை உலர்ந்துவிடின் பூசண நோய்க்கு இடம் குறையும். நீரிலும் உயிருண்டு எனக் கொள்ளும் நமக்கு இச்சிக்கனம் இருவகையில் அறமாகின்றது.

செடிகளை நெருக்கி வையாது காற்றோட்டம் தருவோம். புதிய செடியைச் சில வாரங்கள் தனியே வைத்து, இலையின் அடிப்புறத்தையும் இலையிடுக்கையும் நோக்குவோம். ஒன்றிரண்டாக உள்ளபோதே காணின், அவை நூறாகப் பெருகி நஞ்சு தெளிக்கும் நிலை வாராது. ஒரு செடியை அறுத்த கத்தியைத் தூய்மை செய்யாது மறுசெடியில் இட்டால், சிம்பிடியம் மொசைக் என்னும் நச்சுயிரி பரவும். அதற்கு மருந்தில்லை, நம் சோர்வுக்காகச் செடியே அழிய நேரும்.

நாள்தோறும் இலை திருப்பிப் பார்க்க இயலும் அளவிற்குமேல் செடி சேர்த்தல், மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதத்திற்கும் பொருந்தாது. ஐம்பது செடி சேர்த்து நஞ்சு தெளிப்பதனினும், ஐந்து செடியை அறிந்து காப்பது நன்று.

இத்துணை விழிப்பிற்குப் பின்னும் ஓர் உயிர் நம் கையால் மடியுமாயின், சிறிதென்று மறவாது, அன்றைய பிரதிக்கிரமணத்தில் நினைந்து வருந்துவோம். மறுநாட் காலை, இன்னும் சற்றுக் கருத்தோடு செடியருகே செல்வோம்.